செருப்புக்கு நம்பர் போடுகிறவனின் பதில்

கேள்வி கேட்டவருக்கு 38 வயது. சென்னையில் மென்பொருள் வேலை. சொந்தமாக ஃபிளாட், அதன் கடனும் பாதி அடைந்துவிட்டது. மனைவி, இரண்டு பிள்ளைகள், வீட்டில் யாருக்கும் பெரிய நோய்நொடி இல்லை. "குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் எழுந்தால் வெறுமையாக இருக்கிறது. வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்கிறார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மனநிறைவும் நிம்மதியும் இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் 33 வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதுரை, விருதுநகர், கோவில்பட்டி என்று தெற்கத்திக் கிளைகளிலேயே காலம் ஓடிவிட்டது. சாமியாரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. ஆனால் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, மனிதர்கள் பணத்தோடு படுகிற பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது கண் சிகிச்சை முகாம்களில் எடுபிடி வேலை. இந்த இரண்டு இடத்திலும் கண்டதோடு, இந்த விஷயத்தைப் பற்றிப் பல வருஷமாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்த வெறுமையோடு தூக்கமும் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த காரியத்தில்கூட மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதென்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வு ஒரு நோய். சர்க்கரைக்கு யாரும் திருக்குறள் சொல்லி வைத்தியம் பார்ப்பதில்லை, இதற்கும் பார்க்கக் கூடாது.

அப்படி ஒன்றும் இல்லை, வெறும் வெறுமைதான் என்றால் மேலே படியுங்கள்.

நோக்கத்தைக் "கண்டுபிடிப்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். சாவியைத் தொலைத்தவன் தேடுகிற மாதிரி, உள்ளே எங்கோ ஒரு நோக்கம் கிடக்கிறது, துழாவினால் அகப்படும் என்று நம்ப வைத்திருக்கிறார்கள். உங்கள் அலுவலகப் பயிற்சி வகுப்பில் இகிகாய் படத்தைக் காட்டியிருப்பார்கள். இகிகாய் என்றால் வாழ்வதற்கு அர்த்தம் தருவது, ஜப்பானியச் சொல். நான்கு வட்டம்: உங்களுக்குப் பிடித்தது, நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவைப்படுவது, காசு கிடைப்பது. நான்கும் வெட்டிக்கொள்கிற நடுப்புள்ளிதான் உங்கள் வாழ்க்கையின் நோக்கம் என்பார்கள். அந்தப் படம் ஜப்பானில் பிறந்ததே இல்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் 'நோக்கம்' என்று எழுதி வரைந்த படம் அது. 2014ல் மார்க் வின் என்பவர் நடுவில் இருந்த சொல்லை மட்டும் எடுத்துவிட்டு இகிகாய் என்று போட்டார், அது உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. ஜப்பானியர் அந்தச் சொல்லைச் சின்ன விஷயங்களுக்கும் சாதாரணமாகப் புழங்குகிறார்கள். பேரப்பிள்ளை ஒருவருக்கு இகிகாய், தொட்டிச்செடி இன்னொருவருக்கு. காசு வர வேண்டும் என்ற நிபந்தனையெல்லாம் அதில் கிடையாது.

அந்தச் சொல்லை உண்மையாகவே ஆராய்ந்தவர் மியேகோ கமியா. மனநல மருத்துவர். நாகாஷிமா தீவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றியவர், 1966ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வீடும் ஊரும் தள்ளி வைத்த மனிதர்கள் அங்கே இருந்தவர்கள். எதிர்காலமே இல்லை என்று இடிந்து உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம். அதே கூரைக்குக் கீழே, அதே நோயோடு, நிறைவாக இருந்தவர்களும் இருந்தார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. நான்கு வட்டம் வரைந்து பார்த்தால் அந்த நோயாளிகளில் ஒருவருக்குக்கூட நடுப்புள்ளி கிடைத்திருக்காது.

எங்கள் மதுரைக்காரர் ஒருவரின் கதை இதைவிடத் தெளிவானது. டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1918ல் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தார். உங்கள் பாஷையில் சொன்னால், அவர் தன் நோக்கத்தைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். சென்னை ஸ்டான்லியில் படித்து, ராணுவ மருத்துவப் பிரிவிலும் சேர்ந்தார். முப்பது வயதில் முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. எழுந்து நடமாடத் தொடங்கியபோது கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. பிரசவம் பார்க்கும் கை போய்விட்டது. அத்தோடு அந்த நோக்கமும் போயிற்று.

பிறகுதான் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்குத் தோதான கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்க ஆரம்பத்திலிருந்து பழகினார். அந்தக் கையால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை சிகிச்சை செய்தார். 1976ல், 58 வயதில், அரசு வேலையிலிருந்து ஓய்வு. நம்மில் பெரும்பாலோர் ஈஸிசேரைத் துடைத்துப் போடுகிற வயது அது. அந்த வருஷம் மதுரையில் 11 படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. வீட்டை அடமானம் வைத்து, கூடப் பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு தொடங்கினார். கொடுக்க முடிந்தவர் கொடுப்பதை வைத்துக் கொடுக்க முடியாதவருக்கு இலவசம் என்பது கணக்கு. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் விலையில் வந்துகொண்டிருந்தது. 1992ல் ஆரோலேப் என்று ஒன்றைத் தொடங்கி இங்கேயே செய்து, பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். 2006ல் அவர் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் குரலை உயர்த்தி, "ஆகவே நண்பர்களே!" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பெரிய மனிதர்களைச் சொல்லிச் சொல்லியே சின்ன மனிதர்களைக் கூச வைத்துவிடுகிறோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, அவருக்குப் பிடித்த நோக்கத்தைக் காலம் பிடுங்கிக்கொண்டது, எதிரே வந்து நின்ற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கண் வைத்தியம் அவர் இதயத்தின் அழைப்பாக இருந்து அப்புறம் அவர் அதைத் தேடிப் போகவில்லை. செய்யச் செய்யத்தான் அது அவருடையதாயிற்று. இரண்டு, அவர் தான் தொடங்கிய மருத்துவமனையில் சம்பளம் வாங்கவில்லை. பென்ஷனில் வாழ்ந்தார். அந்த இரண்டாவது விஷயத்தை நான் வங்கிக்காரன் கண்ணால் பார்க்கிறேன். வேலையில் அவருக்குப் போதும் என்பதே இருந்ததில்லை. தனக்கு என்பதில் மட்டும் ஒரு கோடு போட்டாகிவிட்டது. கோடு போட்டதால் மிச்சமான கவனம் முழுவதும் வேலைக்குப் போயிற்று.

கோடு போடாதவர்களை நான் தினமும் பார்த்தேன். ஒரு கிளையில் பெரியவர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மஞ்சள் பையோடு வருவார். பையில் ஃபிக்சட் டெபாசிட் ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு, வருஷவாரியாக. வட்டி கால் சதவீதம் இறங்கினால் முகம் இறங்கிவிடும். "இன்னும் ஒரு அஞ்சு லட்சம் சேந்துட்டா நிம்மதி சார்" என்பார். நான் அந்தக் கிளையில் இருந்த நாலு வருஷத்தில் அந்த அஞ்சு இரண்டு தடவை சேர்ந்தது. மூன்றாவது தடவையும் அதே வாக்கியம்தான். அவர் கஞ்சன் என்று நினைக்காதீர்கள், பயந்தவர். எதற்குப் பயம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அதே கிளையில் பூ விற்கிற அம்மா ஒருவர் மாதம் ஐந்நூறு ரூபாய் ஆர்.டி. கட்டினார். மகளின் நர்சிங் படிப்பு முடிந்ததும் கணக்கை முடிக்க வந்தார். இன்னொன்று புதிதாகத் தொடங்குங்களேன் என்று சொன்னேன், டார்கெட் இருக்கிறதே எங்களுக்கு. "எதுக்கு சார்? அது படிப்புக்குன்னு போட்டது. படிப்பு முடிஞ்சிருச்சு" என்றார். வறுமையைப் புனிதமாக்கவில்லை, அந்த அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் காசு இருந்திருந்தால் நல்லதுதான். ஆனால் அவருக்குத் தன் பணம் எதற்கு என்று தெரிந்திருந்தது. பெரியவருக்குத் தெரியவில்லை.

பணம் வந்தால் சந்தோஷம் வராது என்று பேசுகிறவர்கள் 1978ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். லாட்டரியில் ஜெயித்த 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், சாதாரண மனிதர்கள் 22 பேர். எல்லோரும் கடைசியில் ஒரே அளவு சந்தோஷத்துக்கு வந்துவிட்டார்கள் என்று மேடையில் சொல்வார்கள். ஆய்வில் அப்படி இல்லை. விபத்தில் சிக்கியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சந்தோஷமாக இருந்தார்கள், எதிர்பார்த்த அளவுக்கு நொறுங்கிவிடவில்லை, அவ்வளவுதான். சுவாரசியம் லாட்டரிக்காரர்களிடம்தான். அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த ருசி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, டிவி பார்ப்பது, இதெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. இருபது சொச்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு, அதற்குமேல் அதில் பாரம் ஏற்றக்கூடாது. பின்னால் ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான லாட்டரிக்காரர்களை வைத்துப் பார்த்தபோது, வாழ்க்கையைப் பற்றிய திருப்தி பல வருஷம் கழித்தும் கூடுதலாகவே இருந்தது. ஆகப் பணம் உதவாது என்பது பொய். வீட்டுக்கடன் கட்டுகிறவனிடம் போய் அதைச் சொல்வது அநியாயமும்கூட.

தனக்குப் போதும் என்கிற அந்தக் கோடு எங்கே என்று, நாழி என்கிற பழைய தானிய அளவால் அளந்து சொன்னவர் ஒருவர் நம் ஊரில் உண்டு. புறநானூற்றின் 189வது பாட்டில் மதுரை நக்கீரனார், உலகம் முழுவதையும் ஒரு குடையின்கீழ் ஆளுகிற ராஜாவுக்கும், இரவும் பகலும் தூங்காமல் மிருகத்துக்குக் காத்திருக்கிற வேட்டைக்காரனுக்கும், "உண்பது நாழி, உடுப்பவை இரண்டே" என்கிறார். துறவு பேசத்தான் இதைச் சொல்கிறார் என்று பலர் நினைப்பார்கள். அடுத்து அவர் போகிற இடம் வேறு: செல்வத்தின் பயன் கொடுப்பது, நாமே அனுபவிப்போம் என்று உட்கார்ந்தால் கைநழுவிப் போவது பல. ஒரு நாழி என்று அளவு போட்ட கையோடு மிச்சத்துக்கு வழியும் காட்டிவிடுகிறார். பழைய பாட்டில் எனக்குப் பிடித்த கணக்குப்புத்தகம் இதுதான்.

உங்களுக்கான நாழி எது என்று நான் சொல்ல முடியாது. சென்னையில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவனின் நாழி பெரியதாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஒரு எண்ணாக, தாளில், மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். வீட்டுக்கடன் முடிவது எப்போது, படிப்புக்கு எவ்வளவு, அப்பா அம்மா வைத்தியத்துக்கு எவ்வளவு, வயதான காலத்துக்கு எவ்வளவு. மனசுக்குள் வைத்திருந்தால் அந்த எண் மஞ்சள் பைப் பெரியவருடைய அஞ்சு லட்சம் மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும். எழுதி வைத்ததும் சில பேருக்குச் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் பாதி ஏற்கெனவே வந்திருக்கும். சில பேருக்கு வயிற்றைக் கலக்கும். அதுவும் நல்லதுதான், பயத்துக்கு ஓர் உருவம் கிடைக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் நானும் நீங்கள் எழுதியிருக்கிற வெறுமையில்தான் கிடந்தேன். போன் அடிக்காது. பத்து மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பேன், எதற்கு என்று தெரியாது. வீட்டுக்காரி ஒருநாள், "ஏங்க, வங்கிக்கு வந்தவங்கள நிக்க வைக்கிற மாதிரி என்னையும் வரிசையில நிக்க வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். நான் மளிகை லிஸ்ட்டில் திருத்தம் போட ஆரம்பித்திருந்தேன். பக்கத்துத் தெரு நண்பர் கண் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிராமத்துப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை. பெயர், ஊர் எழுதுகிற மேசையைக் கொடுப்பார்கள் என்று பேனாவோடு போனேன். அதற்கு ஆள் இருந்தது. செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

முகாம் எப்படி நடக்கும் என்றால், காலையில் ஏழெட்டு மணிக்கே கூட்டம் வந்துவிடும். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'E' வடிவம் போட்ட அட்டை, அதன் கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்ட வேண்டும். அப்புறம் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பார்கள். புரை முற்றியிருந்தால் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு. அறுவை முடிந்து இரண்டு மூன்று நாளில் அதே பஸ் கொண்டுவந்து விடும். நூறு நூற்றைம்பது பேர் வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி நீல வார் ரப்பர் செருப்பு. பாதிப் பேருக்குக் கண் தெரியாது. வெளியே வந்தால் செருப்பைக் காலால் தடவித் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் வெறுங்காலோடு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள், கேட்கக் கூச்சம். முதல் நாள் மூன்று பேர் அப்படிப் போனார்கள். அடுத்த முகாமுக்குக் கறுப்பு மார்க்கர் ஒன்று வாங்கிக்கொண்டு போய், டோக்கன் நம்பரைச் செருப்பின் குதிகால் பக்கம் எழுத ஆரம்பித்தேன். ஆறு வருஷம் ஆகிறது.

இதை ஒரு நோக்கம் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்காமலே எழுந்துவிடுகிறேன்.

நிம்மதியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தியானம் நல்லது, செய்யுங்கள், நான் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். 2010ல் ஹார்வர்டில் இரண்டு பேர் போன் செயலி ஒன்றை வைத்து 2,250 பேரை நாளின் பல நேரங்களில் இடைமறித்துக் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, எப்படி இருக்கிறீர்கள்? கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு வேறெங்கோ இருந்தது. அப்படி அலைகிற நேரத்தில் ஜனங்கள் சந்தோஷம் குறைவாகவே இருந்தார்கள். பிடிக்காத வேலையைச் செய்யும்போதுகூட, மனசு அதில் இருந்தால் பரவாயில்லை. எனக்குச் செருப்பு அந்த வேலையைச் செய்கிறது. 87ஆம் நம்பரை எழுதும்போது பென்ஷன் அரியர் ஞாபகம் வந்தால் 78 என்று எழுதிவிடுவேன். எழுதினால் ஒரு பாட்டி வெறுங்காலோடு நிற்பார். வீட்டில் யார் சொல்லியும் அடங்காத மனசு அந்தப் பயத்தில் அடங்கிக் கிடக்கிறது.

சமீபத்தில் ஓர் ஆத்தா அறுவை முடிந்து பரிசோதனைக்கு வந்திருந்தார். எழுபது தாண்டியவர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணீர் விடுவார் என்று நினைத்தேன். "இம்புட்டு கருத்துப் போச்சா என் கை?" என்றார். அப்புறம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "தம்பி, வீட்டுக்குப் போயிப் பாத்தேன், பாத்திரமெல்லாம் ஒரே பிசுக்கு. இத்தன வருசமா நான்தேன் கழுவுனேன். எம்மருமக ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றார். கோபமா பாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். செருப்பு நம்பர் 41. நானே எடுத்துக் காலடியில் வைத்தேன். "எனக்குத்தேன் இப்பக் கண்ணு தெரியுதுல்ல" என்று என்னை விலக்கிவிட்டுத் தானே போட்டுக்கொண்டார்.

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேண்டாம். கடன் பாதி இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் ஒருவருக்குச் சிரமமாகும் என்கிற மாதிரி வாரத்தில் மூன்று மணி நேர வேலை ஒன்றை, சம்பளமும் மேடையும் போட்டோவும் இல்லாத வேலையாகப் பார்த்து, எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கிறதா என்று முதல் மாதத்தில் யோசிக்காதீர்கள், எனக்கும் செருப்பு பிடிக்கவில்லை. சென்னையிலும் கண் முகாம்கள் நடக்கின்றன. இல்லாவிட்டால் பக்கத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் தேவையா என்று போய்க் கேளுங்கள். தலைமையாசிரியர் முதல் தடவை சந்தேகமாகத்தான் பார்ப்பார், இரண்டாம் தடவையும் போங்கள்.

இந்த ஞாயிறு எங்களுக்கு முகாம் இருக்கிறது. போன தடவை மார்க்கர் பாதியில் காய்ந்துவிட்டது, 60க்கு மேல் சாக்பீஸால் எழுதி எல்லாம் அழிந்துபோயிற்று. கடை சாத்துவதற்குள் போய் இரண்டு வாங்க வேண்டும்.